ஓல்டான்

நாலு ரோட்டுக்குப் பின்சந்து, மாடியில் எங்கள் லேப்.
கீழே இரும்புக்கடை. லாரியிலிருந்து கம்பி இறங்கும்போதெல்லாம்
மைக்ராஸ்கோப்பின் வெளிச்சம் லேசாக அதிரும்.
அந்த அதிர்விலேதான் அவரை முதலில் பார்த்தேன்:
சடையன், நாற்பத்து மூன்று,
ஏற்காடு பஸ் டிரைவர்,
பெருங்குடலில் ஒரு துண்டு.

நான்கு கண்ணாடித் துண்டு, நான்கு புரதத்துக்குச் சாயம்.
புரதம் இருந்தால் செல் பழுப்பாகும்,
பாலில் டிகாக்‌ஷன் இறங்குகிற மாதிரி.
இரண்டில் இறங்கியது.
மற்ற இரண்டில் ஓரத்து நல்ல செல்கள் மட்டும் பழுப்பு,
கட்டி முழுக்க வெறும் நீலம்.
அவை ஜோடி. ஒன்று போனால் மற்றது நிற்காது.

பிழை திருத்துகிறவர்கள் வேலைக்கு வரவில்லை
என்று ரிப்போர்ட்டில் எழுத முடியாது.
‘வெளிப்பாடு இல்லை’ என்று அடித்தேன்.

வாங்க வந்தவர் உட்காரவில்லை.
“அப்பாவுக்கும் இதான். அண்ணனுக்கும் இதான்.
நான் பீடிகூடத் தொட்டதில்ல. எங்க மேடம் தப்பாச்சு?”

டாக்டர் சொல்லவேண்டியது. டாக்டர் இல்லை.
கவரின் பின்பக்கத்தில் இரண்டு கோடு இழுத்தேன்.
ஒரு செல் இரண்டாகுமுன்
அறுநூறு கோடி எழுத்தைப் பார்த்து எழுதவேண்டும்.
ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி.
எப்போதாவது ஜி-க்கு எதிரே டி வந்து உட்காரும்.
ஏமாற்றி அல்ல.
ஒற்றை ஹைட்ரஜன் இடம் பெயர்ந்து
இமைப்பொழுதில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத நேரத்துக்கு
டி, சி-யாகவே இருக்கிறது.
உட்கார்ந்தபின் மறுபடி டி.
எதிரே ஜி. கோணல்.
லட்சத்துக்கு ஒன்று.

“இது எங்க வளைவுல நடக்கறதுதானே,” என்றார்.
“ஒரே ஒடிப்புல திரும்பாது. மூக்கு இடிக்கும். நிப்பாட்டணும்.
கண்டக்டர் இறங்கி வண்டியைத் தட்டுவான்,
வரலாம் வரலாம் ஓல்டான்…
கொஞ்சம் ரிவர்ஸ், திரும்ப ஒடிச்சு ஏத்தணும்.”

அதேதான்.
எழுதுகிற நொதி நிற்கும். ஓர் எழுத்து பின்வாங்கும்.
போட்டதை வெட்டியெறிந்து மறுபடி போடும்.
அதையும் தாண்டித் தப்புவது கோடிக்கு ஒன்று.
அதைப் பிடிக்கத்தான் பின்னாலேயே அந்த ஜோடி,
இழையைத் தடவித் தடவி, புடைப்பைத் தேடி.
உங்கள் கட்டியில் அது இல்லை.

அவர் ரிப்போர்ட்டையே பார்த்தார்.
“இதுலயும் சடயன்.”

ஆதாரைப் பார்த்து அடித்தேன். ஆதாரில் சடயன்,
காப்பீட்டு அட்டையில் சடையன்.
இரண்டு மாதமாகக் கலெக்டர் ஆபீஸ் படி ஏறுகிறாராம்.
“தப்பு இருக்குன்னு அத்தனை பேரும் கண்டுபிடிச்சாச்சு.
எது தப்புன்னுதான் ஒருத்தருக்கும் தெரியல.
கூப்பிட்டா ரெண்டும் ஒண்ணுதான் மேடம்.”
சிரித்தார். எனக்கு வரவில்லை.

ஏனென்றால் ஜோடிக்கும் அதுதான் கேள்வி.
ஜி-யா, டி-யா? எது அசல்?
மாற்றித் திருத்தினால் பிழையே அசலாகி
இனி வரும் எல்லாச் செல்லும் அதைத்தான் பார்த்து எழுதும்.
புது இழைக்கு ஓர் அடையாளம் உண்டு:
அதன் வெட்டுகள் இன்னும் ஆறியிருக்காது.
ஆறாத பக்கத்தைத்தான் அறுத்து எடுப்பார்கள்.
அப்படித்தான் நூறு கோடிக்கு ஒன்று.

இதை அவரிடம் சொல்லவில்லை.
மகள் இருப்பதாகச் சொன்னார், கோகிலவாணி, நர்சிங் இரண்டாம் வருஷம்.
பாதிக்குப் பாதி என்பதை மட்டும் சொன்னேன்.
செவ்வாயன்று வந்து கையை நீட்டினாள்,
ஊசியைப் பிடித்த விதத்தைக் குறை சொன்னாள்.
ரத்தம் பெங்களூர் போயிருக்கிறது. மூன்று வாரம்.

ஆபரேஷன் முடிந்து அவர் வண்டிக்குத் திரும்பிய ஞாயிறு
நானும் மேலே போனேன், காரணம் ஏதும் இல்லாமல்.
அடிவாரம் தாண்டி, எங்கோ ஒரு வளைவில்
எதிரே ஒரு கார், இறங்க வழியில்லாமல்.
பஸ் நின்றது. பேச்சும் நின்றது.
பின்கண்ணாடியில் பனி மட்டும்.
கண்டக்டரின் உள்ளங்கை தகரத்தில்
தட்டிக்கொண்டே இருந்தது, வரலாம், வரலாம்.
முன்சீட்டில் அப்பாவின் டிபன்பாக்ஸை மடியில் வைத்திருந்தவள்
திரும்பி, பின்னால் எவ்வளவு இடம் என்று பார்த்தாள்.

எத்தனையாவது வளைவு, எண்ணவில்லை.